கைது ஒரு கவுண்டியில், சிறை இன்னொரு கவுண்டியில்: மேற்கு டெக்சாஸில் பழைய பதிவுகளைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023-இல் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த ஒரு யாழ்ப்பாணத் தமிழருக்காக, 12 வருடப் பழைய ஒரு கைதின் காகிதங்களைத் தேடி எடுத்த விவரம் இது. நான் வழக்கறிஞர் இல்லை. டாலஸ் பக்கத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அரசாங்கக் காகித வேலைகளில் உதவி வருகிறேன். சட்டம் சார்ந்த முடிவுகளை அவருடைய குடிவரவு வழக்கறிஞர் எடுத்தார், தேடும் வேலையை நான் பார்த்தேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும், இரண்டு கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பெயர்களையும் இங்கே தரவில்லை.

2011 மார்ச்சில் அவர் டெக்சாஸில் முதுகலை மாணவர். வசந்தகால விடுமுறையில் நண்பர்களோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் காரில் போனார். மேற்கு டெக்சாஸில் மணிக்கணக்காக ஓட்டினாலும் ஓர் ஊர் கண்ணில் படாத சாலைகள் உண்டு. அப்படி ஒரு இருவழிச் சாலையில், இரவில், மாநில நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் ஒருவர் அவரை நிறுத்தினார். வேகத்துக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காவலர் போட்டது ‘ரெக்லஸ் டிரைவிங்’, அதாவது பொறுப்பில்லாமல் வண்டி ஓட்டியது, என்ற குற்றச்சாட்டு. டெக்சாஸ் போக்குவரத்துச் சட்டத்தில் இதற்கு 200 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் உண்டு. சிறைத் தண்டனைக்கு இடம் இருப்பதால் சாதாரண டிக்கெட் வழக்குகளைப் பார்க்கும் கீழ்நீதிமன்றம் இதை விசாரிக்காது, கவுண்டி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு இரவு சிறையில் இருந்தார். காலையில் ஒரு நீதிபதி உரிமைகளை வாசித்துக் காட்டி ஜாமீன் தொகையை நிர்ணயித்தார். நண்பர் ஒருவர் 500 டாலர் ரொக்கமாகக் கட்டி வெளியே எடுத்தார். “கோர்ட் தேதி தபாலில் வரும்” என்றார்கள். தபால் வரவே இல்லை. அவரும் படிப்பு முடித்து, வேலை கிடைத்து, வீடு மாறி, ஊர் மாறிப் போய்விட்டார். கிரீன் கார்டு வாங்கும்போது கைதைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நேர்காணலில் நடந்தது

என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்திலும் கைதை மறைக்காமல் எழுதியிருந்தார். அது மிக நல்ல காரியம். கைரேகை எடுத்ததும் எஃப்பிஐ பதிவு அதிகாரியின் கைக்கு வந்துவிடும், மறைத்தவர்கள் கைதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் காகிதம் எதையும் அவர் இணைக்கவில்லை. அதிகாரியின் திரையில் கைது இருந்தது, அது எப்படி முடிந்தது என்ற இடம் காலியாக இருந்தது.

கூடுதல் ஆவணம் கேட்கும் என்-14 படிவத்தை அதிகாரி கையில் கொடுத்தார். கைதுப் பதிவும் நீதிமன்ற முடிவும் சான்றிட்ட நகலாக வேண்டும், கெடு 30 நாள். அன்று மாலை அவர் என்னிடம் வந்தார்.

அவரிடம் அப்போது இருந்தது, ஆட்களின் பின்னணியைத் தேடித் தரும் ஒரு தனியார் இணையதளத்துக்குப் பணம் கட்டி வாங்கிய அச்சுப்படி. ‘பதிவு எதுவும் இல்லை’ என்று அதில் இருந்தது. இந்தத் தளங்கள் கவுண்டிகள் மின்வடிவில் விற்கும் அல்லது வெளியிடும் தரவைத் திரட்டித்தான் விற்கின்றன. டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றில் சிறியவை பலவற்றில் 2011-இன் சிறு குற்ற வழக்குகள் இன்னும் தடித்த பேரேடுகளில்தான் கிடக்கின்றன. குடிவரவு அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்த அச்சுப்படிக்கு எந்த மதிப்பும் இல்லை.

எங்கே தொடங்குவது

அவருக்கு நினைவில் இருந்தது சிறை இருந்த ஊர். அந்த ஊர் இருக்கும் கவுண்டியை இங்கே ‘பெரிய கவுண்டி’ என்று சொல்கிறேன். இரண்டில் அதுதான் சற்றுப் பெரியது. நீதிமன்றப் பதிவுகளை வைத்திருக்கும் அந்தக் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போன் செய்தோம். அவர் பெயரைத் தேடிப் பார்த்த ஊழியர், வழக்கு எதுவும் இல்லை, வேண்டுமானால் ‘பதிவு இல்லை’ என்று சான்றுக் கடிதம் தருகிறேன் என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். கடிதம் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டோம், ஆனால் அனுப்பவில்லை. ‘இந்தக் கவுண்டியின் அட்டவணையில், இந்த எழுத்துக்கூட்டலில், வழக்கு இல்லை’ என்பதற்கு மேல் அந்தக் கடிதம் எதையும் நிரூபிக்காது. டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விதிவிலக்கு இல்லாத குற்றங்களுக்கு வழக்கு போட வேண்டிய இடம் குற்றம் நடந்த கவுண்டி. ஆளை எங்கே அடைத்து வைத்தார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கார் நிறுத்தப்பட்ட இடம் எந்தக் கவுண்டி என்று அவருக்கே தெரியவில்லை. நள்ளிரவில், விலங்கு மாட்டிய கையோடு பின் சீட்டில் போனவர் கவுண்டி எல்லைப் பலகையைக் கவனித்திருக்க முடியாது.

அதனால் முதல் முடிவாக எஃப்பிஐயிடம் அவருடைய சொந்தப் பதிவை வாங்கினோம். யார் வேண்டுமானாலும் தன் கைரேகையைக் கொடுத்து 18 டாலருக்கு இதைப் பெறலாம், மின்வழியில் அனுப்பினால் விரைவாகவே வரும். வந்த தாளில் கைது நாள், குற்றச்சாட்டு, கைரேகை எடுத்த அலுவலகமாகப் பெரிய கவுண்டியின் ஷெரீஃப் (கவுண்டியின் காவலையும் சிறையையும் பார்ப்பவர்), எல்லாம் இருந்தன. முடிவு என்ற இடம் காலி. அதோடு எதிர்பாராத ஒன்றும் இருந்தது. பெயர் தலைகீழாக இருந்தது.

பெயர்

தமிழர்கள் இந்த வேலையில் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஒருவரின் பெயர் சரவணன், அப்பாவின் பெயர் ஆறுமுகம் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாண வழக்கில் அவர் ஆறுமுகம் சரவணன். அமெரிக்கப் படிவம் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, விசாவில் வேறு மாதிரி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இனிஷியல் வேறு சேர்ந்துகொள்ளும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், இருக்கும் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்துகளே முதற்பெயராக ஏறிவிடும்.

2011-இல் சிறை ஊழியர் அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும், அப்பாவின் பெயரைப் பாதியில் வெட்டி முதற்பெயராகவும் பதிந்திருந்தார். கிளார்க் அலுவலகத்தில் நாங்கள் சொன்னது இன்றைய கிரீன் கார்டில் இருக்கும் வரிசை. குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் பேரேட்டைத் திறப்பார்கள். எழுத்து மாறினால் பக்கமே மாறிவிடும்.

அன்றிலிருந்து எல்லாக் கோரிக்கைகளிலும் இரண்டு வரிசைகளையும், வெட்டுப்பட்ட வடிவத்தையும், பழைய எழுத்துக்கூட்டலையும் பிறந்த தேதியோடு சேர்த்து எழுதினோம். ‘இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் தேடியதாகச் சான்றில் குறிப்பிடுங்கள்’ என்றும் கேட்டோம். பெரிய கவுண்டியின் கிளார்க்கும் மறுபடி தேடிப் பார்த்தார். அங்கே உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

ஷெரீஃபிடம் கேட்டது

கைதுப் பதிவும் நீதிமன்றப் பதிவும் வேறு வேறு கைகளில் இருக்கின்றன, வேறு வேறு விதிகளில் வெளியே வருகின்றன. ஷெரீஃப், காவல்துறை போன்ற அலுவலகங்கள் டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் வருகின்றன. விசாரணை சார்ந்தவற்றை அவர்கள் மறுக்கலாம், ஆனால் கைதான ஒருவரைப் பற்றிய அடிப்படைத் தகவலை மறுக்க அந்தச் சட்டத்திலேயே இடமில்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கவும் கூடாது. ஒன்றைத் தர மறுக்க நினைத்தால், ஏற்கெனவே கருத்துச் சொல்லி முடிவான சில வகைகள் தவிர, 10 வேலை நாளுக்குள் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் கருத்தைக் கேட்க வேண்டும். நீதிமன்றங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டா. அங்கே கிளார்க்கிடம் நேராகக் கேட்டு, கட்டணம் கட்டி வாங்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் நீதிமன்றத்துக்குத் தகவல் சட்டத்தில் மனு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய கவுண்டி ஷெரீஃபுக்கு மின்னஞ்சலில் ஒரு பக்கக் கோரிக்கை அனுப்பினோம். ‘என்னைப் பற்றிய எல்லா ஆவணங்களும்’ என்று கேட்கவில்லை. குறிப்பிட்ட நாளின் புக்கிங் தாள் (சிறையில் சேர்க்கும்போது எழுதும் பதிவு), ஜாமீன் தாள், விடுவிப்புத் தாள் என்று பெயர் சொல்லிக் கேட்டோம். எஃப்பிஐ தாளில் இருந்த பெயர் வடிவத்தையே மேலே போட்டோம். சிறிய அலுவலகத்தில் ஒரே ஆள் போனும் எடுத்து, கைதிகளின் கணக்கும் பார்த்து, இதையும் தேட வேண்டும். அவர் எழுந்து போய் எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்பது கோரிக்கையிலேயே தெரிந்தால் பதில் சீக்கிரம் வரும்.

வந்த புக்கிங் தாளில் மூன்று விஷயங்கள் இருந்தன. கைது செய்தது ஷெரீஃப் இல்லை, மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் நெடுஞ்சாலை ரோந்துப் பிரிவு. கைதான இடம் பக்கத்துக் கவுண்டிக்குள் ஒரு நெடுஞ்சாலை. ‘யாருக்காக வைத்திருக்கிறோம்’ என்ற கட்டத்தில் அந்தப் பக்கத்துக் கவுண்டியின் பெயர்.

மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டிகள் சிலவற்றில் சிறையே கிடையாது. கைதிகளைப் பக்கத்துக் கவுண்டியில் பணம் கொடுத்து வைத்திருப்பார்கள். இவருக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஜாமீன் கட்டிய நண்பர் இப்போது டொராண்டோவில் இருக்கிறார். அவரிடம் கேட்டதும் பழைய மின்னஞ்சலில் இருந்து ரசீதின் படத்தைத் தேடி அனுப்பினார். அதிலும் சின்னக் கவுண்டியின் பெயர்தான் இருந்தது. 12 வருடமாக யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

சின்னக் கவுண்டி

டெக்சாஸில் 8,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளில் மாவட்ட நீதிமன்ற கிளார்க், கவுண்டி கிளார்க் இரண்டு வேலையையும் பெரும்பாலும் ஒருவரே பார்ப்பார். இங்கேயும் அப்படி ஒரு அம்மா இருந்தார். தேடுபவருக்கு இது வசதி, பெரிய குற்றமானாலும் சிறிய குற்றமானாலும் போய்க் கேட்க வேண்டியது ஒரே ஆளிடம்தான். இணையத் தேடல் இல்லை. மாநில அளவில் நீதிமன்ற ஆவணங்களுக்கான ஒரு தளம் இருந்தாலும், மின்தாக்கல் வருவதற்கு முந்தைய இந்த மாதிரிச் சிறு குற்ற வழக்குகளை அங்கே எதிர்பார்க்க முடியாது.

போனில் பேசிவிட்டு, பெயர் வடிவங்களின் பட்டியல், அடையாள அட்டை நகல், மணி ஆர்டர், தபால்தலை ஒட்டிய பதில் உறை எல்லாவற்றையும் துரித தபாலில் அனுப்பினோம். சான்றுக்கு 5 டாலர், பக்கத்துக்கு 1 டாலர். அவர் 2011 முதல் 2013 வரையான சிறு குற்ற அட்டவணையை எல்லா வடிவத்திலும் பார்த்தார். வழக்கு எண் எதுவும் இல்லை.

அப்போது அவரிடம் இன்னொன்று கேட்டோம்: வழக்கு எண் ஏறாத காகிதங்களை எங்கே வைப்பீர்கள்? கைதானவரை முதலில் பார்க்கும் நீதிபதி தன் நடவடிக்கைக் காகிதங்களை, அந்தக் குற்றத்தை விசாரிக்க வேண்டிய நீதிமன்றத்தின் கிளார்க்குக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அரசு வழக்கறிஞர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால்தான் வழக்கு எண் பிறக்கும். தாக்கல் செய்யாவிட்டால் அந்தக் காகிதங்கள் அட்டவணைக்குள் வராமல் தனியாகக் கிடக்கும். “அதெல்லாம் பெட்டியில் இருக்கும், நாளைக்குப் பார்க்கிறேன்” என்றார். பார்த்தார். நீதிபதி உரிமைகளை வாசித்துக் காட்டியதற்கான தாளும் ஜாமீன் பத்திரமும் அந்தப் பெட்டியில் இருந்தன. அந்த அம்மாவுக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கவுண்டி அரசு வழக்கறிஞர். 2011-இல் இருந்தவர் இல்லை, புதியவர். பழைய கோப்பு இல்லை என்றார். ஆனால் கிளார்க் கொடுத்த சான்றைக் காட்டியதும், இந்தக் கைதில் குற்றப்பத்திரிகை எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை, சிறு குற்றங்களுக்கான 2 வருடக் காலவரம்பு கடந்துவிட்டதால் இனித் தாக்கல் செய்யவும் முடியாது என்று அலுவலகத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார். கைதாகி வழக்கே போடப்படாதவர்களுக்கு, வழக்கு போடப்படவில்லை என்ற அதிகாரபூர்வ அறிக்கையை வாங்கித் தரும்படி என்-400 வழிமுறையே சொல்கிறது. அதிகாரி கேட்ட ‘நீதிமன்ற முடிவு’ என்ற காகிதம் இந்தக் கைதுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. அதன் இடத்தில் நிற்கக்கூடிய காகிதம் இதுதான்.

இடையில் எடுத்த இரண்டு முடிவுகள்

தேடலின் நடுவே ஒரு நண்பர், கைதுப் பதிவையே அழித்துவிடலாமே என்றார். டெக்சாஸில் வழக்கு போடப்படாத கைதுகளுக்கு அந்த உரிமை உண்டு. குடிவரவு வழக்கறிஞர் வேண்டாம் என்று தடுத்தார், நானும் அதையே சொன்னேன். மாநிலப் பதிவு அழிந்தாலும் குடியுரிமைப் படிவம் அழிக்கப்பட்ட கைதையும் சேர்த்துத்தான் கேட்கிறது. அழித்த பிறகு போய்க் கேட்டால் எந்த அலுவலகமும் காகிதம் தர முடியாது. கேள்வி அப்படியே நிற்கும், பதில் மட்டும் காணாமல் போயிருக்கும். எனக்குத் தெரிந்தே ஒரு குடும்பம் இதில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல.

இரண்டாவது, கிடைத்ததை உடனே அனுப்புவதா என்பது. பெரிய கவுண்டியின் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு மற்றதைப் பிறகு அனுப்பலாம் என்று அவர் தவித்தார். கேட்ட ஆவணங்களை ஒரே தடவையில் சேர்த்துத்தான் தர வேண்டும், பாதியை அனுப்பினால் இருப்பதை வைத்து முடிவெடுக்கச் சொன்னதாகக் கொள்ளப்படும் என்பது குடிவரவு விதி. அதனால் கெடு நெருங்கியும் காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு அவருக்கும் மனைவிக்கும் கடினமாக இருந்தது. தினமும் மாலையில் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள்.

விளைவு

கெடு முடிவதற்கு முன்பே கட்டு தயாரானது: இரண்டு கவுண்டி கிளார்க்குகளின் சான்றுகள், புக்கிங் தாள், நீதிபதியின் தாள், ஜாமீன் பத்திரம், அரசு வழக்கறிஞரின் கடிதம், எஃப்பிஐ தாள். பொதுப் பாதுகாப்புத் துறையிடம் கேட்டிருந்த ரோந்துக் காவலரின் அறிக்கையிலிருந்து அடிப்படைத் தகவலும் வந்து சேர்ந்தது. எந்தக் காகிதம் எதைக் காட்டுகிறது, பெயர் ஏன் மாறியிருக்கிறது, கவுண்டி ஏன் இரண்டு என்று வழக்கறிஞர் ஒரு பக்க விளக்கம் எழுதி மேலே வைத்தார். எங்கள் கணிப்பில் கட்டிலேயே முக்கியமான தாள் அதுதான். அதிகாரிக்கு மேற்கு டெக்சாஸின் சிறை ஏற்பாடுகள் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

மறுபடி நேர்காணல் இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சில வாரங்களில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

ஜாமீன் பணத்துக்கும் ஒரு முடிவு கிடைத்தது. உரிமை கோரப்படாத பணமாக அது மாநிலக் கணக்கு அலுவலகத்துக்குப் போயிருந்தது. பணம் கட்டியவர் பெயருக்குத்தான் ரசீது என்பதால், டொராண்டோ நண்பர் தேடி விண்ணப்பித்துத் திரும்ப வாங்கினார்.

மாநிலப் பதிவில் காலியாக இருந்த ‘முடிவு’ என்ற இடத்தை நிரப்பும்படி அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடம் கேட்டிருக்கிறோம். வழக்கு போடவில்லை என்பதையும் அவர்கள் மாநிலத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 2011-இல் அது நடக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த வேலை முடியவில்லை.

இனி இப்படி வருபவர்களுக்கு மாற்றிச் செய்வது

எஃப்பிஐ தாளை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வாங்கச் சொல்கிறேன். நேர்காணலுக்குப் பிறகு தொடங்கினால் 30 நாள், முன்பே தொடங்கினால் வேண்டிய அளவு நேரம். அதில் இருக்கும் பெயர் வடிவத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டுதான் முதல் போன் செய்ய வேண்டும்.

கிளார்க்கிடம் கேட்கும் முதல் கேள்வியையும் மாற்றிவிட்டேன். “என் வழக்கு இருக்கிறதா” என்பதற்கு முன்னால், “உங்கள் கவுண்டியில் 2011-இல் சிறை இருந்ததா, வேறு கவுண்டிக் கைதிகளை வைத்திருந்தீர்களா” என்று கேட்கச் சொல்கிறேன். பழைய ஊழியர்களுக்கு இதற்கு உடனே பதில் தெரியும். கிராமத்து நீதிமன்ற அலுவலகங்களில் மதியம் ஒரு மணி நேரம் பூட்டியிருப்பதுண்டு, காலையில் கூப்பிட்டால் ஆள் கிடைப்பார்.

சான்றிட்ட நகல்களை இரண்டு செட் வாங்கச் சொல்கிறேன், ஒன்றை எந்த அலுவலகத்துக்கும் கொடுக்காமல் வீட்டில் வைத்திருக்க. பதிவை அழிக்கும் மனுவைப் பற்றி இவரும் மனைவியும் இப்போது யோசித்து வருகிறார்கள். குடியுரிமைச் சான்றிதழும் அந்த இரண்டாவது செட்டும் கையில் இருப்பதால், இனி அதை அவசரமில்லாமல் முடிவு செய்யலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.